பணி நேரத்தில் கதைப்புத்தகம் படித்தது குறித்து விளக்கம்

அனுப்புநர்: டெல்டாப் பகுதியின் ஒரு சிறுநகரிலிருந்து, கிளை நூலகர்.
பெறுநர்: நூலகங்களை ஆய்வு செய்ய வரும் அதிகாரிகள் அனைவரும்.
பொருள்: பணி நேரத்தில் கதைப்புத்தகம் படித்தது – விளக்கம் அளித்தல் – தொடர்பாக.
பார்வை: வாய்மொழியாகக் கேட்கப்பட்ட கேள்வி, "உங்களுக்கு வேலை இல்லையா?"

ஐயா, அம்மா, வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு சித்திரை மாத மதியம், உங்களில் ஒருவர் எங்கள் நூலகத்துக்கு ஆய்வுக்கு வந்தார். வாசலில் ஜீப் நின்ற சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அவர் மேசைக்கு முன்னால் வந்து நின்றதும் தெரியவில்லை. என் கையிலிருந்த நாவலில் ஒரு கிழவர் தன் வண்டிமாட்டைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். ஜோடி மாடு செத்துப் போன பிறகு எஞ்சிய ஒற்றை மாடு அது. விற்பாரா, திரும்ப ஓட்டிக்கொண்டு வருவாரா என்ற யோசனையில் இருந்தேன். அப்போதுதான் மேலே "பார்வை"யில் குறிப்பிட்டுள்ள கேள்வி விழுந்தது. பத்து நாள் கழித்து எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். "இனி இவ்வாறு நிகழாது எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று மூன்று வரியில் எழுதி அனுப்பிவிட்டேன்.

அது பொய். மறுநாளே நிகழ்ந்தது. அதன் பிறகு ஏறக்குறைய தினமும் நிகழ்ந்துகொண்டிருக்கிறது. அன்று கொடுக்க வேண்டிய முறையான விளக்கத்தை இப்போது கொடுக்கிறேன்.

முதலில், வேலை இருக்கிறது. காலையில் பூட்டைத் திறந்தவுடன் நான் செய்வது நூலகர் வேலை அல்ல, துடைப்ப வேலை. பெருக்க வருகிறவர் பகுதி நேரம். அவர் வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. நான் பெருக்கி முடிப்பதற்குள் திண்ணையில் நான்கைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். பத்திரிகைக் கட்டு வந்ததும் ஒவ்வொன்றிலும் நூலக முத்திரை வைத்து, பதிவேட்டில் குறித்து, பிறகுதான் மேசையில் போட வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தைப் பொறுக்க முடியாமல் ஒரு பெரியவர் தினமும் தொண்டையைச் செருமுவார். அவருக்கு இரங்கல் விளம்பரப் பக்கம் முதலில் வேண்டும். இன்னொருவருக்கு நெல் விலை. ஒருவர் குறுக்கெழுத்துப் புதிரைப் பேனாவால் நிரப்பிவிடுவார். அடுத்து வருகிறவர் என்னிடம் புகார் சொல்வார். இருபத்தொரு ஆண்டுகளாக இந்த வழக்குக்கு நான் தீர்ப்பு வழங்கவில்லை.

ஒன்பதரைக்கு மேல் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் வருவார்கள். குரூப் நான்கு, காவலர் தேர்வு, ஆசிரியர் தகுதித் தேர்வு. அவர்களுக்கு நான் ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பாடநூல்களே எங்கள் நூலகத்தில் அதிகம் கிழிந்த புத்தகங்கள். திருமணமாகிக் குழந்தை பெற்ற பெண் எட்டாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்வதைப் பார்க்க நீங்கள் ஒரு நாள் வர வேண்டும். பிளேடால் பக்கத்தை அறுத்து எடுத்துப் போகும் பையன்களும் உண்டு. ஒருவனைப் பிடித்தேன். இப்போது அவன் கிராம நிர்வாக அலுவலர். என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்கிறான். அந்தப் பக்கத்தை மட்டும் இன்னும் திருப்பித் தரவில்லை.

புத்தகக் கட்டு வரும் நாள் தனிக் கதை. சாக்கில் கட்டி வரும். பட்டியலோடு ஒப்பிட்டு, நூல் சேர்க்கைப் பதிவேட்டில் ஒவ்வொன்றாக ஏற்றி, பதிவெண் போட்டு, பகுப்பெண் எழுதி, முதுகில் சீட்டு ஒட்டி, தலைப்புப் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும், ஒவ்வொரு நூலகத்துக்கும் உரிய அந்த ரகசியப் பக்கத்திலும் முத்திரை குத்த வேண்டும். ஒரே சமையல் புத்தகம் மூன்று படிகள் வரும். மூன்று பாகம் கொண்ட வரலாற்று நூலில் இரண்டாம் பாகம் மட்டும் வரும். முத்திரை குத்தும்போது பக்கம் தானாக விரியும், கண் தானாக இறங்கும். என் வாசிப்பில் பாதி இப்படி மைப்பெட்டிக்குப் பக்கத்தில் தொடங்கியதுதான்.

இதற்கு மேல் வருகைப் பதிவேடு, வழங்கல் பதிவேடு, உறுப்பினர் பதிவேடு, தளவாடப் பதிவேடு, ரொக்க ஏடு, மாத அறிக்கை எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. விட்டுவிடுகிறேன்.

மதியம் இரண்டு மணிக்கு மேல் நூலகம் அடங்கும். பெரியவர்கள் சாப்பிடப் போயிருப்பார்கள். தேர்வுப் பிள்ளைகளில் இரண்டு பேர் மேசையில் தலை சாய்த்துத் தூங்குவார்கள், நான் எழுப்புவதில்லை. நாலேகாலுக்குப் பள்ளிக்கூடம் விட்டுச் சிறுவர்கள் வந்து, "லைப்ரரி டீச்சர், பேய்க்கதை இருக்கா?" என்று கத்தும் வரை எனக்குக் கிடைப்பது அந்த இரண்டு மணி நேரம். அதில்தான் படிக்கிறேன். நான் பிடிபட்டதும் அதில்தான்.

ஏன் படிக்கிறேன் என்பதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும். வெளியில் அதிகம் சொன்னதில்லை.

வேலைக்குச் சேர்ந்த நான்காவது ஆண்டு. அப்போது நான் இந்த மேசையில் படிப்பவள் அல்ல. பயம். புதிதாக வந்தவள் சுறுசுறுப்பாக இருக்க வேண்டும் என்று எப்போதும் எதையாவது அடுக்கிக்கொண்டே இருப்பேன். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வாரம் தவறாமல் வருவார். வந்ததும் கேட்பது ஒரே கேள்வி: "புதிதாக என்னம்மா வந்திருக்கிறது?" பெரிய நாவல்கள்தான் பிடிக்கும். ஒரு சமயம் இரண்டு மாதம் அவரைக் காணவில்லை. மகன் பைக் விபத்தில் போய்விட்டான் என்று ஊரில் சொன்னார்கள். பிறகு ஒரு நாள் வந்தார், இளைத்துப் போய். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. நானாகவே, மனத்துக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, புதிய கட்டிலிருந்து ஒரு நாவலை எடுத்துக் கொடுத்தேன். அட்டையில் வயலும் கொக்கும் இருந்தன. பின்னட்டையில் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை என்று போட்டிருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் திருப்பிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு அந்தப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்தேன். நூற்று எழுபதாவது பக்கத்துக்கு மேல் அந்த வீட்டு மூத்த மகன் சாகிறான். ஆசிரியர் கெட்டிக்காரர். அந்தச் சாவை நாற்பது பக்கம் எழுதியிருந்தார். பிணத்தை வீட்டுக்குக் கொண்டுவருவதிலிருந்து தகப்பன் அவன் செருப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்பது வரை. நல்ல எழுத்துதான். ஆனால் அந்த மனிதரின் கையில், அந்த வாரத்தில், அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்.

அவர் அதன் பிறகு நூலகத்துக்கு வரவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "அதெல்லாம் ஒன்றுமில்லையம்மா, கண் சரியாகத் தெரிவதில்லை" என்றார். உறுப்பினர் அட்டையையும் காப்புத் தொகையையும் அவர் கடைசிவரை திரும்பக் கேட்கவில்லை. பதிவேட்டில் இன்றும் அவர் உறுப்பினர்.

அந்தத் தவறு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நூல் வழங்கப்பட்டது, உரிய நாளுக்குள் திரும்பி வந்தது. உங்கள் கணக்கில் அது ஒரு வெற்றி.

நூலகர் வேலைக்குப் படிக்கும் எல்லோருக்கும், இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர்.இரங்கநாதனின் ஐந்து விதிகள் பாடம். சீர்காழியில் பிறந்தவர், எங்கள் பக்கத்து மனிதர். 1931-இல் அவற்றை நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாவது விதி, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மூன்றாவது. தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் உரிய நூல் எது என்று யாருக்குத் தெரியும்? பகுப்பெண் அந்த நூல் எந்த அலமாரியில் நிற்க வேண்டும் என்று சொல்லும். யார் கையில் நிற்கக் கூடாது என்று சொல்லாது. கணினி வந்த பிறகும் இதே நிலைதான். வயலும் கொக்கும் போட்ட அட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பட்டியலுக்குத் தெரியாது. படித்தவருக்குத்தான் தெரியும். அந்த இரண்டு விதிகளுக்கும் நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்து படித்தாக வேண்டும்.

இன்னொன்றும் சொல்லலாம், சிரிப்பதற்காக. அதே இரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக நியமிக்கப்பட்டபோது, சில நாட்களிலேயே சலித்துப் போய், திரும்பவும் ஆசிரியர் வேலைக்கே போய்விடுகிறேன் என்று கேட்டார். நூலகத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதுதான் அவருடைய குறை. லண்டனுக்குப் போய்ப் பயிற்சி பெற்று நூலகங்களைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் எவ்வளவு வேலை இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. ஆகவே "வேலை இல்லையா?" என்று கேட்ட அதிகாரியை நான் தவறாக நினைக்கவில்லை. இந்திய நூலகவியலின் தந்தைக்கே ஒரு காலத்தில் தோன்றியதுதான்.

தபால்காரருக்குப் பிறகு ஒரு முடிவு செய்தேன். நான் படிக்காத நாவலை நானாக யாருக்கும் எடுத்து நீட்டுவதில்லை. அலமாரியிலிருந்து அவர்களே எடுத்தால் அது அவர்கள் விருப்பம். என் கையால் கொடுப்பது நான் படித்ததாக இருக்க வேண்டும்.

இதற்கு நேரம் எங்கே என்று கேட்பீர்கள். வீட்டிலிருந்து நூலகத்துக்கு டவுன் பஸ்ஸில் நாற்பது நிமிடம். காலையில் நின்றுகொண்டு, மாலையில் உட்கார்ந்துகொண்டு. வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. துணி துவைத்து முடித்தால் மிச்சமிருக்கும் பொழுது. ரேஷன் கடை வரிசை நல்ல இடம், யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. புத்தகத்தோடு நிற்கிறவளைப் பார்த்தால் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கிறார்கள். எனக்கென்று பிடித்தது மாஸ்கோவில் அச்சாகி வந்த பழைய தமிழ் மொழிபெயர்ப்புகள். கெட்டி அட்டை, தையல் பிரியாத கட்டு. முன்னேற்றப் பதிப்பகத்தின் முத்திரை உள்ள இருபத்தாறு நூல்கள் எங்கள் நூலகத்தில் இருக்கின்றன. அங்கே பனி பெய்யும்போது இங்கே மின்விசிறி நின்றிருக்கும். அதை எந்த வாசகருக்காகவும் படிக்கவில்லை, எனக்காகத்தான். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வாசகர்கள் விட்டுப்போகும் தடங்களையும் படிக்கிறேன். குடும்ப நாவல்களில் மஞ்சள் விரல் தடம் எந்தப் பக்கம் வரை போயிருக்கிறது என்று பார்த்தால் கதை எங்கே தொய்கிறது என்று தெரிந்துவிடும். பெயர் தெரியாத ஒருவர் பென்சிலால் தலைப்புப் பக்கத்தில் மதிப்புரை எழுதுகிறார்: "சுமார்." "முடிவு ஏமாற்று." "இவர் நெல் நட்டதே இல்லை." நியாயமாக நான் அவரைக் கண்டுபிடித்து அபராதம் போட வேண்டும். செய்யவில்லை. அவருடைய கணிப்பு இதுவரை ஒரே ஒரு முறைதான் பிசகியிருக்கிறது.

படித்துக் கொடுத்தால் என்ன ஆகிறது என்பதற்குப் பெரிய அற்புதங்கள் எதுவும் என்னிடம் இல்லை. தையற்கடை வைத்திருக்கும் ஒரு பெண், மகளின் புத்தகத்தைத் திருப்பித் தர வந்தவர், "எனக்கு நீளமாகப் படிக்க வராது" என்றார். மூன்று பக்கத்துக்கு மேல் போகாத கதைகள் கொண்ட ஒரு தொகுப்பு நான் படித்ததில் இருந்தது. பொத்தான் கட்டிக்கொண்டே ஒரு கதை முடிக்கலாம். கொடுத்தேன். இப்போது அவர் அறுநூறு பக்க நாவலைக் கேட்கிறார். ஒரு பையன் பேய்க்கதையைத் தவிர வேறெதையும் தொடமாட்டான். அவனுக்கு ஒரு வேட்டைக்காரரின் புலி அனுபவங்களைப் பேய்க்கதை என்று சொல்லிக் கொடுத்தேன். பொய்தான். திரும்பி வந்து, "டீச்சர், இதில் பேயே இல்லை" என்று சண்டை போட்டுவிட்டு, அதே போல இன்னொன்று கேட்டான். வீட்டு வரி ரசீதைக் காட்டி, "நூலக வரி கட்டுகிறேன், எனக்கு ஒரு புத்தகம் கொடு" என்று ஒருவர் அதட்டியிருக்கிறார். சட்டப்படி அவர் சொன்னது சரி. சொத்து வரியில் நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய் நூலகத்துக்காக வாங்குகிறோம். 1948-இல் நம் மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்ததன் பலன் அது. ஆனால் அவருக்கு எந்தப் புத்தகம் என்பதை ரசீது சொல்லவில்லை. அரை மணி நேரம் பேசிய பிறகுதான் கிணறு வெட்டுவது பற்றி அவருக்குத் தெரிய வேண்டும் என்பது வெளியே வந்தது.

நீங்கள் வந்தால் கேட்பது வேறு. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை உறுப்பினர் சேர்த்தீர்கள், ஆயிரம் ரூபாய் கொடுத்துச் சேர்ந்த புரவலர் எத்தனை பேர், எத்தனை நூல் வெளியே போனது, எத்தனை தொலைந்தது. கேட்க வேண்டியவைதான். கணக்கு இல்லாமல் அரசுப் பணம் நடக்காது. ஆனால் நமக்குள் பேசிக்கொள்வோம்: மழை நாளில் வருகைப் பதிவேட்டில் எத்தனை கையெழுத்து ஒரே கையெழுத்து என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கை கிடைக்கும்.

தொலைந்த நூல் பற்றி ஒரு வார்த்தை. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில், ஓராண்டில் வாசகர் கைக்குப் போகும் ஆயிரம் நூல்களுக்கு ஐந்து தொலைவது இயல்பு, நேர்மைக்குறைவோ அலட்சியமோ காரணம் இல்லாதவரை அதை ஏற்கலாம் என்று இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் மட்டும் விலக்கு, அவற்றை விசாரித்தே ஆக வேண்டும். அந்த விதியை எழுதியவர் நூலகத்தில் உட்கார்ந்தவராக இருக்க வேண்டும். தொலைந்ததற்குச் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயத்தில் நல்ல புத்தகங்களைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளும் நூலகர்களை எனக்குத் தெரியும். நானும் ஐந்து ஆண்டு அப்படி இருந்தேன். பூட்டியிருந்த புத்தகம் ஒன்றும் தொலையவில்லை. கரையான் தின்றது.

சரி, எனக்கு என்ன வேண்டும்?

இந்த மடலை முதலில் எழுதியபோது, மாத அறிக்கையில் "நூலகர் இம்மாதம் படித்த நூல்கள்" என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். அடித்துவிட்டேன். அந்தக் கட்டம் வந்தால் மூன்றாம் மாதத்திலிருந்து எல்லோரும் பின்னட்டையைப் பார்த்து நிரப்புவோம். நானே நிரப்புவேன். பிறகு மாவட்ட வாரியாகத் தரவரிசை வரும். வேண்டாம்.

நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் மேசையில் உட்கார்ந்து படிப்பதும் பணிதான் என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டால் போதும். மதியம் இரண்டு மணிக்கு மேல். வாசகர் வந்தால் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

அதோடு, ஆய்வுக்கு வரும்போது ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள். இது நம் மண்ணுக்குப் புதிதல்ல. 1880-இல் கும்பகோணத்தில், கல்லூரித் தமிழாசிரியராகச் சேர்ந்து சில மாதங்களே ஆன இருபத்தைந்து வயது உ.வே.சாமிநாதையர், அரியலூரிலிருந்து மாற்றலாகி வந்திருந்த முன்சீப் (கீழ்க்கோர்ட்டு நீதிபதி) சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். முதலியார் அவரிடம் யாரிடம் படித்தீர்கள், என்னென்ன படித்தீர்கள் என்று கேட்டார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று நீளமாக அடுக்கினார். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்றார். இல்லை. அந்த ஒரு "இல்லை"யிலிருந்து ஏடு தேடும் படலம் தொடங்கி, 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. முன்சீப்புக்கும் வழக்குக் கட்டுகள் மலையாகத்தான் இருந்திருக்கும். எத்தனை பேருக்குப் பாடம் சொல்கிறீர்கள், வருகைப் பதிவேடு எங்கே என்று கேட்டிருந்தால் ஐயர் சரியான பதில் சொல்லி, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

நான் உ.வே.சா. அல்ல, நீங்களும் சிந்தாமணி கேட்க வேண்டாம். சாதாரணமாகக் கேளுங்கள்: "இப்போது என்னம்மா படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?" படிக்காத நூலகர் விழிப்பார். அடுத்த ஆய்வுக்குள் எதையாவது படித்து வைப்பார். படிக்கிறவர் எழுந்து அலமாரிக்கு ஓடுவார். எனக்கு இருபத்தொரு ஆண்டுப் பணியில் வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள், பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள், ஒரு முறை தேர்தல் பணிக்கு வந்து எங்கள் கூடத்தில் படுத்திருந்த காவலர் கேட்டார். ஆய்வுக்கு வந்த ஒருவரும் கேட்டதில்லை.

அடுத்த முறை வெள்ளிக்கிழமை வராதீர்கள், பூட்டியிருக்கும். மதியம் இரண்டரைக்கு வாருங்கள். ஜீப் சத்தம் கேட்காவிட்டால் மேசையைத் தட்டுங்கள். பதிவேடுகள் இடப்பக்க அலமாரியில் வரிசையாக இருக்கின்றன, எல்லாம் சரியாக இருக்கும். பார்த்து முடித்ததும் உட்காருங்கள், டீ சொல்கிறேன். அந்தக் கிழவர் சந்தையில் மாட்டை என்ன செய்தார் என்று கேட்டால் சொல்வேன்.

இப்படிக்கு,
கிளை நூலகர்